எட்டாவது தடை

அந்த மார்கழியில் பெய்த மழையைப் பற்றி இராசாத்தி சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டாலும், மீதிப் பாதியில் ஒரு யானை முங்கிப்போகும். வானத்தில் ஓட்டை விழவில்லை, வானமே கழன்று விழுந்தது என்பாள். வெல்லாவெளிச் சந்தியில் நின்ற சனம் குடையை விரித்துப் பிடிக்காமல் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி வீட்டுக்குப் போனது என்பாள். நரியன்பொக்கணை வட்டையில் விரால் மீன்கள் வரம்பில் ஏறி நின்று, தங்கள் வீடு எந்தப் பக்கம் என்று வழி கேட்டன என்றும் சொல்லுவாள். மீன் பேசியது மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் ஏறக்குறைய நடந்ததுதான்.

நரியன்பொக்கணை வட்டை என்பது மட்டக்களப்பு வாவிக் கரையோரம் தாழக் கிடக்கும் வயல்வெளி. அதற்கு இராசாத்திதான் வட்டவிதானை. வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது, மிஞ்சினால் வடிப்பது, மாடு இறங்கினால் பிடித்துக் கட்டுவது, வரம்புச் சண்டையை விலக்குவது, விலக்க முடியாவிட்டால் தானும் சேர்ந்து சண்டை பிடிப்பது, இதெல்லாம் வட்டவிதானையின் வேலை. அந்தப் பதவிக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை. ஆனால் வட்டையின் ஒரு மூலையில் நின்று இராசாத்தி கூப்பிட்டால் மறுமூலையில் மேய்கிற எருமை மேய்ச்சலை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தத் தொண்டைக்காகவே வயல் செய்கிற கமக்காரர் கூட்டம் அவளைத் தெரிவு செய்தது. எதிர்த்து நிற்க வந்தவர்கள் அவள் பேசத் தொடங்கியதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவளுடைய சொந்த வயலும் அங்கேதான் கிடந்தது. தை பிறந்தபோது நெல் குடலைப் பருவத்தில் நின்றது. அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டின் வயிற்றுக்குள் இருக்கிற நேரம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சமம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படியே நின்றால் கதிர் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். பிறகு அந்த வைக்கோலை மாடுகூட மூக்கால் தள்ளிவிட்டுப் போகும்.

தண்ணீர் வடியாததற்குக் காரணம் ஆற்றுவாய். கல்லாற்றுப் பக்கத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் வாவி நிரம்பி வயல்களுக்குள் ஏறும்போது, அந்தத் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது காலங்காலமாக நடக்கிற காரியம். கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஒரு கீறல் கீறிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். காலையில் கோழி தாண்டிய கீறலை மாலையில் கப்பல் தாண்டும். இந்த முறையும் வெட்டுவதற்கு உத்தரவு கிடைத்து, மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வந்து மணலில் தன் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் கையை இறக்கவிடாமல் மறித்தது ஒரு விளையாட்டுப் போட்டி.

பல நாட்டு இராணுவ வீரர்கள் கலந்துகொள்ளும் நவீன பென்டத்லன் போட்டி. பென்டத்லன் என்றால் ஐந்து விளையாட்டை ஒரே ஆள் செய்து முடிப்பது. வாள் சண்டை பிடிக்க வேண்டும், நீந்த வேண்டும், தடை தாண்ட வேண்டும், ஓட வேண்டும், ஓடிக் களைத்த கையால் குறிபார்த்துச் சுடவும் வேண்டும். சுடுவதைத் தவிர மற்ற நாலையும் வேலிச் சண்டை நாட்களில் நம்மவர்களும் ஒரே மூச்சில் செய்வதுண்டு, மெடல்தான் தருவதில்லை. சுடுகிற துவக்கிலும் குண்டு கிடையாது, ஒளிதான் பாயும். இதை இராசாத்திக்கு விளங்கப்படுத்தியவன் அவளுடைய தங்கச்சி மகன் நிலோஜன். தேற்றாத்தீவுப் பொடியன், இராணுவ விளையாட்டு அணியில் இருந்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குண்டில்லாத துவக்கா மனே? முதலே கண்டுபிடிச்சிருக்கலாமே," என்றாள்.

இத்தனை பேர் தை மாதத்தில் இங்கே வந்து இறங்கியதற்கு ஒரு படம்தான் காரணம். ஆவணி மாதத்தில் யாரோ ட்ரோன் விட்டு எடுத்த படம். ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் கண்ணாடி போல வாவி, நடுவில் வெள்ளை மணல். வாவியில் நீந்தலாம், மணலில் தடை தாண்டலாம், கரையால் ஓடலாம் என்று அதைப் பார்த்தவுடன் ஏற்பாட்டுக் குழு முடிவு செய்துவிட்டது. தங்கள் ஊர்ப் பனிக்குத் தப்பி ஓடி வர இருந்த வெளிநாட்டார் தை மாதமே நல்லது என்றார்கள். ஆவணிக்கும் தைக்கும் நடுவில் வானம் என்று ஒன்று இருப்பதை ஒருவரும் நினைக்கவில்லை. நீச்சல் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை வாவி ஓடக்கூடாது, அசையக்கூடாது, முடிந்தால் மூச்சுக்கூட விடக்கூடாது. ஆகவே ஞாயிறு பின்னேரத்துக்குப் பிறகுதான் ஆற்றுவாய் வெட்டுவது என்று கைகாலைப் பிடித்துக் கேட்டு மாற்றி வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இராசாத்தி போய்க் குழுத் தலைவரைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து வந்த மனிதர், அந்தப் புழுக்கத்திலும் நீலக்கோட்டைக் கழற்றாதவர். நல்ல மனிதர்தான். கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து, வாவி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பொறுமையாகச் சொன்னார். மாசி மாதத்தில் அந்தக் கண்ணாடியைச் சோறாக்கித் தின்ன முடியுமா என்று அவள் கேட்டாள். அவர் இன்னொரு பிளேன்டீக்குச் சொன்னார். பெக்கோச் சாரதியிடம் போனாள். சாவி நீலக்கோட்டின் சட்டைப்பையில் இருக்கிறது என்று அவன் கையை விரித்தான்.

அவள் கோபத்தோடு மணலில் இறங்கி நடந்தபோதுதான், காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற ஹமீட்டைக் கண்டாள். காத்தான்குடி ஹமீட் கல்யாணப் பந்தல் போடுவதில் பேர்போனவர். அவர் மேடை போட்ட கல்யாணத்தில் மாப்பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை, மேடையைத்தான் பார்ப்பார்கள். தடை தாண்டும் பாதையைக் கட்டுகிற வேலை அவருக்குத்தான் கிடைத்திருந்தது. அவரும் தனக்குத் தெரிந்த மாதிரிக் கட்டியிருந்தார். கை மாற்றி மாற்றித் தொங்கிப் போகிற கம்பிகளில் பிளாஸ்டிக் மல்லிகை சுற்றியிருந்தது. ஏற வேண்டிய சுவருக்குச் சிவப்புச் சாட்டின் துணி போர்த்தியிருந்தது. தொடக்க இடத்தில் 'நல்வரவு' என்று மின்னுகிற வளைவு. இப்படிப்பட்ட மனிதர் ஒரு கவிழ்ந்த வாளியில் குந்தி, தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

விசயம் இதுதான்: தடைகள் எட்டு இருக்க வேண்டும். எட்டாவது வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஏறி இறங்குகிற ஒரு இயந்திரச் சரிவு. அது கப்பலில் வழி மாறி வேறெங்கோ போய்விட்டது. நாளைக்குப் போட்டி. ஏழு தடைகளோடு நடத்த விதியில் இடமில்லை.

இராசாத்தி வாவியைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவிலே கிடந்த மணலைப் பார்த்தாள். பிறகு ஹமீட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையை முன்பு கண்டவர்கள் ஊரில் ஒரு சிலர் இருக்கிறார்கள்; அவர்கள் இப்போதும் அவள் வந்தால் வேறு ஒழுங்கையால் போகிறவர்கள்.

"காக்கா, தடை எண்டா தாண்டுறதுக்குக் கஷ்டமா இருக்கோணும், அவ்வளவுதானே?"

"ஓம்."

"ஒரு வாய்க்கால் வெட்டினா?"

"வாய்க்கால நான் வெட்டினா அது வாய்க்கால் தங்கச்சி."

"அவங்களையே வெட்ட வெச்சா?"

ஹமீட் தலையிலிருந்து கையை எடுத்தார். வாவியையும் கடலையும் அவரும் ஒருமுறை பார்த்தார். வாளியிலிருந்து மெல்ல எழும்பினார். "அது விளையாட்டு," என்றார். பிறகு அல்லாஹ்வை ஒருமுறை கூப்பிட்டு, இதில் தனக்குப் பங்கில்லை என்று வானத்துக்கு அறிவித்துவிட்டு, மண்வெட்டி எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

ஆனால் எட்டாவது தடையை ஒப்புக்கொள்ள வேண்டியவர் ஒரு வெளிநாட்டு இராணுவக் கேணல். போட்டியின் விதிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. நெட்டைத் தென்னைக்கு நரை விழுந்தது போன்ற ஆள், தலையில் செம்மஞ்சள் தொப்பி. அவர் எந்த நாட்டவர் என்று இராசாத்தி யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை. அவளுடைய அண்ணன் சுவிஸில் இருக்கிறார். அண்ணன் அனுப்புகிற படங்களில்தான் அவள் வெள்ளைக்காரரைக் கண்டிருக்கிறாள். ஆகவே உலகத்து வெள்ளைக்காரர் எல்லாரும் சுவிஸ்காரர். அந்த நாட்டில் மலையும் மாடும் சொக்லேட்டும் உண்டு. கடலும் கிடையாது, வெள்ளமும் கிடையாது. மலைநாட்டானுக்கு ஆற்றுவாயைப் பற்றி என்ன தெரியும்? இந்தக் கணக்கில் அவள் உள்ளம் குளிர்ந்திருந்தது.

பேசுவதற்கு மகள் கம்சாயினியைக் கூட்டிக்கொண்டாள். கம்சாயினி நாவற்குடாவில் குடியிருந்து ஆங்கிலம் படிப்பிக்கிறவள், போட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தாள். தாயின் முகத்தைக் கண்டதுமே அவள் தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள்.

இராசாத்தி தொடங்கினாள், கம்சாயினி ஒவ்வொன்றாய் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்த மணலில் முன்னொரு காலத்தில் ஒரு இராசா இருந்தார். அவர் தளபதியைத் தெரிவு செய்கிறபோது வாளைப் பார்க்கமாட்டார், வில்லைப் பார்க்கமாட்டார். வீரர்களை இந்த ஆற்றுவாயில் கடலிலிருந்து வாவி வரைக்கும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்து, மணலை வெட்டச் சொல்லுவார். தங்கள் பங்கை முதலில் வெட்டி முடித்து, வெட்டிய பள்ளத்தை முதலில் தாண்டியவர்கள் தளபதிகள். வெட்டிய மணல் குவிந்து மலையாகி, அதில் ஏறி நின்ற காவல்காரன் இமயத்தைப் பார்த்திருக்கிறான். இந்த விளையாட்டைப் பார்க்க ஏழு கடல் தாண்டி இராசகுமாரிகள் வந்தார்கள். தோற்றவர்களை என்ன செய்தார் என்று கேணல் குறுக்கே கேட்டார். அவர்களை இராசா மந்திரிகளாக்கினார் என்று இராசாத்தி கண்ணிமைக்காமல் சொன்னாள்.

"அம்மா, இதெல்லாம் பொய்," என்றாள் கம்சாயினி பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொய்யெண்டத இங்கிலிசில சொல்லிப்போடாத மகள். மத்தத மட்டும் சொல்லு."

கம்சாயினி மற்றதை மட்டும் சொன்னாள். கேணல் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பாரம்பரியம் ஒன்றைப் போட்டியில் சேர்த்தால் நல்லதுதான் என்றார். பிறகு சில கேள்விகள் கேட்டார். எவ்வளவு ஆழம் என்றார். இடுப்பளவு என்றாள். எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்றார். கடல் பக்கமிருந்து, வாவிப் பக்கம் ஒரு முழம் மணலை உடைக்காமல் விட்டுவிட வேண்டும் என்றாள். ஏன் என்றார். அது பிரதம விருந்தினருக்கு. மற்ற ஊர்களில் ரிப்பன் வெட்டுவது போல எங்கள் ஊரில் குதிக்காலால் உடைத்துவிடுவது வழக்கம் என்றாள். பிரதம விருந்தினர் யார் என்று கேட்டார்.

"நீங்கதான் எண்டு சொல்லு. வேற ஆரு? இவ்வளவு உயரமான கால் இந்த மாவட்டத்திலயே இல்ல எண்டும் சொல்லு."

கேணல் தன் காலைப் பார்த்தார். வாவியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியாக, நாளைக்குக் கடல் அதிகம் வற்றுவது எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். நல்ல நேரமும் சரியாக அப்போதுதான் வருகிறது, பஞ்சாங்கத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டாள். அப்படியானால் அந்த நேரத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"அம்மா, கடல் வத்துறத இந்த மனிசன் ஏன் கேக்கிறார்?"

"கடல் இல்லாத ஊர்க்காரங்கள் மகள். ஆசையில கேக்கிறார், பாவம்."

சனிக்கிழமை காலை வட்டைச் சனம் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி வந்து இறங்கியது. மணலில் கால் வைக்க இடமில்லை. சர்வதேச விளையாட்டில் உள்ளூர் மக்கள் இவ்வளவு ஆர்வம் காட்டியதைக் கண்டு நீலக்கோட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. இத்தனை பேரும் ஏன் திட்டின் ஒரே பக்கமாக நிற்கிறார்கள் என்று மட்டும் ஹமீட்டிடம் கேட்டார். வெயில் அந்தப் பக்கம் குறைவு என்றார் ஹமீட். வெயில் அன்றைக்கு எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

வீரர்கள் ஏழு தடைகளையும் தாண்டி வந்தார்கள். மல்லிகைக் கம்பிகளில் தொங்கி, சாட்டின் சுவரில் ஏறி, பாதிப்பேர் தோளில் ஒட்டிய ஜிகினாவோடு மாப்பிள்ளை போல இறங்கினார்கள். எட்டாவதில் நாட்டுக்கு நாடு இடம் பிரித்து, கடலோரத்திலிருந்து வாவியோரம் வரை கயிறு கட்டியிருந்தது. ஊதல் ஊதியதுதான் தாமதம்.

அப்படி ஒரு மண் வெட்டை அந்தக் கரை கண்டதில்லை. அவர்கள் வெட்டி எறிந்த மணலில் நடுப்பகல் இருண்டு, கடற்கொக்குகள் அந்தியாகிவிட்டது என்று கூட்டுக்குத் திரும்பின. கொரியாக்காரன் ஒருவன் வெட்டிய வேகத்தில் முதலில் முழங்கால் மறைந்தது, பிறகு இடுப்பு மறைந்தது, கடைசியில் தொப்பி மட்டும் மணலோடு மணலாக நகர்ந்தது. போலந்துக்காரி ஒருத்திக்கு ஒரு மண்வெட்டி போதவில்லை, கைக்கொன்றாக இரண்டு கேட்டு வாங்கினாள். பிரேசில்காரர் பாட்டுப் பாடி வெட்டினார்கள். கென்யாக்காரர் பேசாமல் வெட்டி எல்லாருக்கும் முன்னால் போனார்கள். வட்டைச் சனம் ஆளுக்கொரு நாட்டைத் தத்தெடுத்துக்கொண்டது. கென்யா உலகத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத கமக்காரர் ஒருவர், அதற்காகத் தொண்டை கிழியக் கத்தி, எகிப்துக்காகக் கத்திய தன் மச்சானோடு கைகலப்புக்கே போனார். எல்லா நாட்டு வீரருக்கும் காலை அகட்டு, முதுகை வளைக்காதே, மண்ணை இந்தப் பக்கம் எறி என்று ஆலோசனை பறந்தது. மொழி தெரியாவிட்டாலும் வேலை தெரிந்தவன் சைகை உலகமெல்லாம் ஒன்றுதான்; அவர்களும் காலை அகட்டினார்கள்.

இந்த விளையாட்டு எங்கே போய் முடியும் என்று வீரர்களில் நிலோஜனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பங்கை மற்றவர்களின் பங்கைவிட இரு மடங்கு அகலமாக வெட்டினான். அதனால் அணி பின்தங்கியது. இராசாத்தி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, தோற்றால் பரவாயில்லை மந்திரியாகலாம் என்று ஆறுதல் சொன்னாள்.

வெட்டி முடிந்து, எல்லாரும் தாண்டி முடிந்து, கென்யா வென்றதாகவும் அறிவித்தாயிற்று. இப்போது கடலிலிருந்து வாவியின் வாசல் வரைக்கும் இடுப்பளவு பள்ளம். வாசலில் ஒரு முழ மணல். அந்த ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் வாவி முழுவதும், அதன் பின்னால் மேற்கே படுவான்கரை வயல்களின் வெள்ளம் முழுவதும், கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது. இராசாத்தியுடைய நெல் இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஒரு முழத்தில்தான் இருந்தது.

அவள் பள்ளத்தின் ஓரத்தில் நின்ற வீரர்களைப் பார்த்துத் திரும்பி, எருமையைத் தலை நிமிர்த்திய அந்தக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் அங்கால!"

அதை மொழிபெயர்க்கக் கம்சாயினி வாய் திறப்பதற்கு முன்பே அத்தனை நாட்டுப் படையும் அங்கால போய் நின்றது.

கேணல் வந்தார். பிரதம விருந்தினர் என்றால் சப்பாத்தோடு வந்து, படத்துக்குச் சிரித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இவரோ சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி மடித்து அதற்குள் வைத்தார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். மணலைக் காலால் அங்குமிங்கும் அழுத்திப் பார்த்துவிட்டு, நடுவில் மிதிக்காமல், தண்ணீர் அதிகம் முட்டிக்கொண்டு நின்ற இடது மூலையாகப் பார்த்து மிதித்தார். ஒரே மிதி. அந்த மூலை இராசாத்தி தானே மிதித்திருக்கக்கூடிய மூலை. அதை அவள் கண்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் மூளை மூளையாக இருக்கவில்லை.

முதலில் பூனையின் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தண்ணீர் உள்ளே நீண்டது. அது பள்ளத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு கடல் வரைக்கும் போனது. பின்னால் வந்த தண்ணீர் அதைவிடத் தடித்திருந்தது. அதற்குப் பின்னால் வந்ததற்கு ஓரத்து மணல் சரிந்தது. பிறகு ஒரு இரைச்சல். பெண்கள் குரவை போட்டார்கள். அந்தக் குரவை திருகோணமலைக்குக் கேட்டது என்று இராசாத்தி சொல்வதைச் சிலர் நம்புவதில்லை. கல்முனைக்குக் கேட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாவி மொத்தமும் திரும்பிக் கடலைப் பார்த்து நடந்தது. ஹமீட்டின் 'நல்வரவு' வளைவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு மின்னிக்கொண்டே சாய்ந்து, தண்ணீரில் ஏறி, வங்காள விரிகுடாவுக்கு நல்வரவு சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஹமீட் அதற்கு நின்ற இடத்திலிருந்தே சலாம் சொன்னார்.

நீலக்கோட்டுக்காரர் ஓடி வந்தார். யார் செய்தது, யார் உடைத்தது என்று மூச்சிரைக்கக் கேட்டார். அங்கே நின்ற எல்லாரும் மிகுந்த மரியாதையோடு கேணலைக் காட்டினார்கள். நூறு கைபேசிகளில் அவருடைய குதிக்கால் படமாகியிருந்தது. கேணல் கீழே குனிந்து காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, எட்டாவது தடை மிகவும் திருப்தி என்று கை கொடுத்தார். நீலக்கோட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்தபடியே, போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீச்சலை ஆற்றுவாய்க்கு வெகு தூரம் தள்ளி, படகுகளைக் காவலுக்கு நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் வாவி மெல்ல ஓடிக்கொண்டுதான் இருந்தது. போகும்போது எல்லாரும் உலக சாதனை. திரும்பி வரும்போது எல்லாரும் நின்ற இடத்திலேயே நீந்தினார்கள். ஜெர்மன்காரன் ஒருவன் ஒரே கண்டல் மரத்தை அரைமணித்தியாலம் கடந்துகொண்டிருந்தான் என்று கேள்வி. நிலோஜன் மட்டும் கரையை ஒட்டி, தண்ணீர் சுழித்துப் பின்வாங்குகிற கண்டல் ஓரமாக வந்து முதலாவதாகக் கரையேறினான். மொத்தப் போட்டியில் யார் வென்றது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நீச்சலில் தேற்றாத்தீவு வென்றது என்பதும், மண் வெட்டில் கென்யா வென்றது என்பதும்தான் சந்திப் பேச்சு.

திங்கட்கிழமை விடிந்ததும் இராசாத்தி வட்டைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் நேராகப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தே நடந்தாள். வரம்பில் ஏறித்தான் தலையை நிமிர்த்தினாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. நெல் சேறு பூசிய முகத்தோடு, குளித்துவிட்டுத் தலை துவட்டாத பிள்ளைகள் போல வரிசையாக நின்றது. ஒரு தண்டைப் பிடித்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். உள்ளே கதிர் கெட்டியாக இருந்தது. அவள் வரம்பிலேயே குந்திவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

அதைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அடுத்த வரம்பில் ஒரு நரைத்த தென்னை. கேணல் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் கம்சாயினி. அவர் வாள் சண்டை பிடிக்கிற வாளைத் தண்ணீரில் குத்தி, எடுத்து, ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார். நடந்து வந்து இன்னோரிடத்தில் குத்தினார். தண்ணீரை அப்படி அளக்கிறவர்களை இராசாத்திக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் அளப்பாள், கம்பால்.

"மகள், இவர் எந்த ஊர்?"

"கடைசியாத்தான் கேக்கிறீங்க. ஒல்லாந்தர் அம்மா, டச்சுக்காரர். மட்டக்களப்புக் கோட்டையப் பிடிச்சவங்கட ஆக்கள்."

கேணல் பேசப் பேசக் கம்சாயினி சொன்னாள். அவருடைய நாட்டில் கால்வாசி, கடலைவிடத் தாழ்ந்த நிலமாம். தண்ணீரைக் காவல் காக்கிறவர்கள் ஒரு நாள் கண்ணயர்ந்தால் மாடு, மனிதன், தேவாலயம் எல்லாம் முங்கிவிடுமாம். அதற்கென்று ஊர் ஊராக ஆட்களைத் தெரிவு செய்வார்களாம். அவருடைய தகப்பன் சாகும்வரை அந்த வேலைதான் பார்த்தாராம். வந்த அன்றைக்கே வழியில் முங்கி நின்ற வயல்களைக் கண்டுவிட்டாராம்.

வட்டவிதானையான நாளிலிருந்து இராசாத்தி வாயடைத்து நின்றது அது ஒரு தடவைதான். மறுவரம்பில் எருமை ஒன்று என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அப்ப ஏன் சொல்லல்லயாம்?" என்றாள் கடைசியில்.

"நீங்க கேக்கல்லயாம். அவ்வளவு வடிவாப் பொய் சொல்லுறவங்கள இடையில மறிக்கப்படாதாம்."

கேணல் வாளைத் துடைத்துக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். கம்சாயினி சிரித்துவிட்டாள். வாய்க்காலை அவ்வளவு நேராக வெட்டியிருக்கக்கூடாதாம். தண்ணீர் தெரிந்த எவனுக்கும் பார்த்ததும் விளங்கிவிடுமாம். கொஞ்சம் வளைத்து வெட்டியிருந்தால் விளையாட்டு மாதிரித் தெரியுமாம்.

இராசாத்தி எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டாள். அடுத்த வருடம் வளைத்தே வெட்டுவோம், வரும்போது தன் ஊர் மண்வெட்டி ஒன்றும் கொண்டு வரட்டும் என்று சொல்லச் சொன்னாள். கேணல் சம்மதம் என்று தலையசைத்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்: அந்த இராசா, இமயம், இராசகுமாரிகள், அந்தக் கதையில் கொஞ்சமாவது உண்மை உண்டா?

அவள் நெல்லை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை திரும்பவும் அவள் கண்ணுக்கு வந்திருந்தது.

"தோத்தவங்கள மந்திரியாக்கிறது மட்டும் இண்டைக்கும் உண்மை எண்டு சொல்லு மகள்."